எழுத்து இருந்தும்

எழுத்தும் அச்சும் வாய்த்த மொழிக்கு அழிவில்லை என்று நெடுங்காலம் மாணவர்க்குச் சொல்லிவந்தேன். செரோக்கி மக்களின் வரலாறு என் கூற்றைப் பொய்யாக்கிவிட்டது. அமெரிக்கப் பழங்குடியினராகிய அவர்களுக்குச் செக்குவோயா என்பார் 1821இல் தனியொருவராக நின்று அசையெழுத்து வகுத்தளித்தார். 1828இல் அவ்வெழுத்தில் பத்திரிகையும் தோன்றிற்று. ஆயினும் 1838இல் அம்மக்களிற் பெரும்பாலோர் தாயகத்தினின்று துரத்தப்பட்டனர். பின்னாளில் விடுதிப் பள்ளிகள் பிள்ளைகளைத் தாய்மொழி பேசவொட்டாது தடுத்தன. எழுத்து ஏட்டில் நின்றது. பேச்சு வீட்டை விட்டகன்றது. 2019இல் செரோக்கியரின் மூன்று ஆட்சியவைகளும் கூடித் தம் மொழிக்கு நெருக்கடிநிலை அறிவித்தன.

ஆதலின், ஒக்லஹோமாவிலே முதியோரைச் சூழ அமர்ந்து பேசிப் பழகும் சிறு குழுக்களையே நான் பெரிதும் மதிக்கிறேன். 'கொடு' என்னும் ஒரு வினையைப் பாருங்கள். கொடுக்கும் பொருள் உயிருள்ளதோ, கோல்போல் விறைத்ததோ, துணிபோல் துவள்வதோ, திரண்டதோ, நீர்மமோ என்பதற்கேற்ப அங்கே வினைவடிவமே மாறும். இதனை இலக்கண நூல் வாய்பாடாகத் தரலாம். நாவுக்குப் பழக்கமாகத் தரமாட்டாது. (இலக்கணம் கற்பித்தே வயிறு வளர்த்த நான் இதை எழுதுவது எனக்கே வேடிக்கைதான்.) பூனைக்குட்டியையும் கோலையும் தண்ணீர்க் குவளையையும் கைமாற்றிக் கைமாற்றியே அதனைக் கற்க வேண்டும்.

இத்தகைய குழுக்களில் தேர்வும் புள்ளியும் வேண்டா. பிழைபடக் கேட்ட பேரனுக்குப் பாட்டி முதலில் தண்ணீரைக் கொடுக்கட்டும்; பிறகு சொல்லைத் திருத்தட்டும்.