பான்கேக்கும் பணியாரமும்

தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஒரு நாளிலே துணி துவைக்க வேண்டும், ரேஷன் வாங்க வேண்டும், சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டும், கூட்டத்துக்கும் போக வேண்டும்! இவ்வளவுக்கும் நடுவே, "ஊர் சுற்றிப் பார்த்து எத்தனை நாளாயிற்று!" என்று காட்டாங்குளத்தூர்த் தோழர்கள் நால்வர் ஏக்கத்தோடு கேட்டனர். கேட்டபின் சும்மா இருக்கலாமா? சென்ற ஞாயிறு நாமும் அவர்களும் ஐவராகக் கிளம்பினோம், கோட்டை பார்க்க!

எந்தக் கோட்டை என்கிறீர்களா? செஞ்சிக்குப் போகவில்லை, வேலூருக்கும் போகவில்லை. நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே, கல்பாக்கத்தை ஒட்டி, கடலைப் பார்த்தபடி நிற்கிறதே சதுரங்கப்பட்டினம், அங்கே ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. ஒல்லாந்தர் என்றால் டச்சுக்காரர். சதுரங்கப்பட்டினம் என்ற பெயர் வெள்ளையர் வாயில் சிக்கி, சிதைந்து, 'சட்ராஸ்' ஆயிற்று.

மின்சார ரயிலில் செங்கற்பட்டு; அங்கிருந்து பேருந்தில் திருக்கழுக்குன்றம்; அதைத் தாண்டினால் கடற்காற்று நம்மை வரவேற்கிறது. கோட்டையின் செங்கற் சுவர்கள் சிதைந்தும் நிமிர்ந்தும் நிற்கின்றன. உள்ளே பெரிய பெரிய களஞ்சியங்கள். ஒருபுறம் ஒல்லாந்தர் கல்லறைகள். அவற்றின் மீது நுட்பமான செதுக்கு வேலை. இறந்தவர் பெயர், இறந்த நாள் எல்லாம் டச்சு மொழியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு தோழர் கேட்டார்: "இவ்வளவு தூரம் கடல் கடந்து இங்கே எதற்காக வந்தான்?"

நல்ல கேள்வி! துணிக்காக வந்தான், தோழர்களே, துணிக்காக!

1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தார்கள். அதே நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலும் கடை விரித்தார்கள். அவர்கள் தேடிப் போனது மொலுக்காத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும். ஆனால் அந்தத் தீவு மக்கள் வெள்ளிக் காசைவிடத் தமிழகக் கடற்கரைத் துணியைத்தான் விரும்பினார்கள். ஆகவே, இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருள் பெற்று, ஐரோப்பாவில் விற்று, கொழுத்தான் கம்பெனிக்காரன்.

அந்தத் துணியை நெய்தவன் யார்? நம் ஊர்த் தறிக்காரன். சாயவேரில் சிவப்புச் சாயம் ஏற்றியவன் நம் ஊர்ச் சாயக்காரன். வணிகர் வழியாக முன்பணம் கொடுத்தார்கள்; முன்பணம் கடனாயிற்று; கடன் கழுத்துக் கயிறாயிற்று. துணியோடு நின்றார்களா? பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம், வயிற்றுக்கு வழியற்ற ஏழைகளை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கி, படேவியாவுக்கும் இலங்கைக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். தறியில் நெய்த துணிக்கு ஒரு விலை, தறிக்காரன் தலைக்கு ஒரு விலை!

கோட்டைக்குள்ளே கம்பெனிக்காரனுக்குக் கல்லறை இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது. நெய்தவன் பெயர் எங்கே? தேடினோம், காணோம்!

1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கடலிலேதான் ஆங்கிலேயர் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. 1824-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இலண்டனில் அமர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்து, இந்தியாவிலிருந்த டச்சு இடங்களை ஆங்கிலேயர் கையில் ஒப்படைத்தார்கள். ஊர் நம்முடையது, விற்றவன் ஒருவன், வாங்கியவன் இன்னொருவன்!

போனவன் நம் மொழியிலே என்ன விட்டுவிட்டுப் போனான் தெரியுமா? 'துட்டு' என்ற சொல் டச்சு நாணயமான 'டொய்ட்' என்பதிலிருந்து வந்தது. 'கக்கூஸ்' என்ற சொல்லும் டச்சுச் சொல்லே என்பர் அறிஞர். துட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டான், துட்டு என்ற சொல்லை மட்டும் நம்மிடம் விட்டுப் போனான்! மற்றொன்றைப்பற்றி நாம் எதுவும் சொல்வதற்கில்லை.

* * *

பசி வந்தது. வடக்கே பேருந்து ஏறி மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தோம். வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் ஒத்தவாடைத் தெருப் பக்கமெல்லாம் பான்கேக் விற்கும் உணவுக்கடைகள் உண்டு. "காலையில் டச்சுக் கோட்டை, மதியம் டச்சுப் பலகாரமா?" என்று நகைத்தபடியே ஒரு கடைக்குள் நுழைந்தோம்.

அது கடையா, நாடக மேடையா? வாசலிலே நங்கூரம்; கூரையிலே பாய்மரக் கப்பல் பொம்மை; சுவரிலே காற்றாலை ஓவியம்; காலில் மாட்ட வேண்டிய மரச்செருப்பு மேசை மீது பூச்சாடியாக வீற்றிருந்தது! பரிமாற வந்த தம்பிக்குக் கோடு போட்ட சட்டை, கழுத்திலே சிவப்புத் துணி, தலையிலே மாலுமிக் குல்லாய். சித்திரை வெயிலில் அந்தக் குல்லாய்க்குள்ளிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

முதலில் வந்தது தட்டை மூடிய பெரிய பான்கேக். டச்சு மொழியில் 'பன்னகூக்'. நம் ஊத்தப்பத்தைவிட மெல்லியது, தோசையைவிடத் தடித்தது. மேலே ஆப்பிள் துண்டு, இலவங்கப்பட்டைத் தூள், சர்க்கரைப் பாகு. அடுத்து வந்தன 'பொபர்ச்செஸ்' என்னும் குட்டிப் பலகாரங்கள். பொசுபொசுவென்று உப்பி, வெண்ணெய் உருகி, மாவுச் சர்க்கரை தூவி. நம் தோழர் ஒன்றை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், "இது நம்ம குழிப்பணியாரமில்லையா!" என்று கூவிவிட்டார்.

உண்மைதான். குழி குழியான இரும்புக்கல்லில் புளித்த மாவை ஊற்றி, குச்சியால் திருப்பி எடுப்பது அவர்கள் வழக்கம். நம் வழக்கமும் அதுவே. நமக்கு அரிசியும் உளுந்தும். அவர்களுக்கு ஈஸ்ட் கலந்த மாவு. பழங்காலத்திலே அதில் சேர்த்தது 'பக்வீட்' என்ற தானியம். பெயரிலே 'வீட்' இருக்கிறதே தவிர அது கோதுமை இனமன்று. மணற்பாங்கான, சத்தற்ற நிலத்திலும் விளையும் ஏழைகளின் தானியம். நம் புன்செய்க் கேழ்வரகைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, டச்சு நாட்டு ஏழைக் குடியானவன் வயிற்றை நிரப்பிய அடைதான் பான்கேக்! அதை அந்த நாட்டார் மறைத்தார்களா? மட்டம் என்றார்களா? பான்கேக்குக்கென்றே தனி உணவு விடுதிகள் வைத்து, பழைய பண்ணை வீட்டைப் போலவும் கப்பலைப் போலவும் அவற்றை அலங்கரித்து, ஊர் பார்க்க வருவோரை உட்கார்த்தி உண்ணச் செய்கிறார்கள். அந்தப் பெருமித உணர்வை நாம் மெச்சுகிறோம். நம்மவரோ, விருந்தாளி வந்தால் கேழ்வரகு அடையை அடுக்களைக்குள் ஒளித்துவிட்டுக் கடைக்கு ஆளனுப்பிக் கேக் வாங்குகிறார்கள்!

பிற நாட்டுப் பண்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உணவுக்கு எல்லைக்கோடு இல்லை. இலங்கையிலே சிங்களவர் புத்தாண்டுக்குச் சுடும் 'கொக்கிஸ்' டச்சுப் பெயர் கொண்டது என்பர். பார்த்தாலோ நம் அச்சுமுறுக்குக்கு உடன்பிறப்பு! ஆகவே பான்கேக் மீது நமக்குப் பகையில்லை. ஆளுக்கொரு துண்டு சுவைத்துத்தான் உண்டோம்.

ஆனால் உண்ணும்போது எண்ணினோம். இலவங்கப்பட்டை எங்கிருந்து போயிற்று? 1656-ல் கொழும்பைப் பிடித்து, காட்டிலே ஏழைகளைக் கட்டாய வேலைக்கு விரட்டி உரிக்கச் செய்த பட்டை அது. சர்க்கரை எங்கிருந்து போயிற்று? சுரினாமிலே ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பு அது. டச்சுக்காரர்கள் சுரினாமில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1863-ல். அதற்கு 160 ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை 1 அன்று, அந்நாட்டு மன்னர் வில்லெம் அலெக்சாந்தர் அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார். காலம் கடந்து வந்த மன்னிப்புத்தான். என்றாலும், மன்னன் வாயாலேயே உழைத்தவனிடம் மன்னிப்பு வந்தது!

* * *

இந்த எண்ணத்தோடு நிமிர்ந்தோம். எதிரே குல்லாய்த் தம்பி.

"ஊர் எது, தம்பி?"

"கூவத்தூர் பக்கம், அண்ணே."

"எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தாய்?"

"காலைல 10 மணிக்கு அண்ணே. ராத்திரி கடை மூடுற வரைக்கும்."

"நடுவிலே உட்காருவதுண்டா?"

"சாப்பிடுறப்ப உட்காருவேன். மத்த நேரம் உட்கார்ந்தா முதலாளிக்குப் பிடிக்காது."

"இந்தப் பான்கேக் எப்படி இருக்கும், சாப்பிட்டிருக்கிறாயா?"

சிரித்தான். "320 ரூபா அண்ணே!"

"இங்கே உட்கார். இதிலே ஒரு துண்டு எடுத்துக்கொள்" என்றோம். பதறிப் பின்வாங்கினான். மேலே கையைக் காட்டினான். அங்கே கேமரா.

பலகாரம் தொண்டையிலே நின்றது, தோழர்களே!

ஒரே மேசையில் நாம் ஐவரும் உட்கார்ந்தோம். எவரும் எவரையும் என்ன சாதி என்று கேட்கவில்லை. இது தானாக வந்ததா? ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையிலும் சாதி பார்த்துத் தனி இடம் ஒதுக்கிய காலம் இந்த நாட்டில் இருந்தது. நம் முன்னோர் பேசினார்கள், எழுதினார்கள், மறியல் செய்தார்கள், சிறை சென்றார்கள். உண்பவன் சமமாக உட்காரும் உரிமை அப்படித்தான் கிடைத்தது. அந்த உரிமையின் மறுபாதி ஒன்று பாக்கியிருக்கிறது. பரிமாறுபவன் உட்காரும் உரிமை!

கடையிலே வேலை செய்வோர் அமர இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-ல் வழி செய்தது. தமிழ்நாடு 2021-ல், 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலே திருத்தம் கொண்டுவந்தது. நாள் முழுதும் நின்று, கால் வீங்கி, நரம்பு சுருண்ட துணிக்கடைப் பெண்களின் கண்ணீருக்குக் கிடைத்த விடை அது. சட்டமன்றத்தைப் பாராட்டுகிறோம். ஆனால் சட்டப்புத்தகத்திலே போட்ட நாற்காலி, கடைக்குள்ளே வந்ததா? துணிக்கடைக்கு நியாயமானது உணவுக்கடைக்கு நியாயமாகாதா? முதலாளியின் வாசலிலே நங்கூரத்துக்கு இடமிருக்கிறது, மரச்செருப்புக்கு மேசையே இருக்கிறது. தொழிலாளிக்கு ஒரு முக்காலி போட மட்டும் இடமில்லையா?

எட்டு மணி நேர வேலை என்பது புதிய முழக்கமுமன்று. 1923 மே 1 அன்று, சென்னைக் கடற்கரையில், இந்தியாவிலேயே முதன்முறையாக மே நாள் கொண்டாடினாரே சிங்காரவேலர், அன்றைக்கே எழுந்த முழக்கம்! நூறாண்டு தாண்டிவிட்டது. அதே வங்கக் கடல், அதே அலை; கூவத்தூர்த் தம்பி மட்டும் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறான்.

* * *

மாலை காட்டாங்குளத்தூர் திரும்பினோம். ரயில் நிலையத்துக்கு அருகே, சாலை ஓரத்தில், ஆயா ஒருவர் குழிப்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். 10 பணியாரம் 40 ரூபாய். காரச் சட்டினி இலவசம். நங்கூரமில்லை, காற்றாலையில்லை. தலைக்கு மேலே கிழிந்த தார்ப்பாய். "எப்போது கிளப்புவார்களோ" என்ற அச்சம். தெருவோர வணிகரைப் பாதுகாக்க 2014-ல் சட்டம் வந்தது. கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். "அட்டை இருக்கிறதா, ஆயா?" என்று கேட்டோம். "அது என்னப்பா?" என்றார். இது அவர் குறையா? அவரிடம் எடுத்துச் சொல்லாத நம் குறை!

ஆகவே, ஊர் சுற்றியதோடு நம் வேலை முடியவில்லை. மூன்று வேலைகளைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

கிளைக்கழகத் தோழர்கள் தங்கள் பகுதித் தெருவோர வணிகரிடம் சென்று, சட்டத்தைச் சொல்லி, மனு எழுதிக் கொடுத்து, அட்டை வாங்கித் தரட்டும். தொழிற்சங்கத் தோழர்கள் உணவுக்கடைத் தொழிலாளரை அணி சேர்த்து, இருக்கையையும் வேலை நேரத்தையும் முதற் கோரிக்கையாக வைக்கட்டும். மூன்றாவது, அரசுக்கு நம் வேண்டுகோள்: சதுரங்கப்பட்டினக் கோட்டைக்கு அருகே மகளிர் சுய உதவிக் குழுவினர் நடத்தும் சிற்றுண்டிச் சாலை ஒன்று வேண்டும். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய குழுக்கள் இன்று மாநிலமெங்கும் உண்டு. பணியாரம் சுடத் தெரியாத குழு ஏதேனும் உண்டா? டச்சு நாட்டிலிருந்து வருகிறவனும் உண்ணட்டும், "இது எங்கள் பொபர்ச்செஸ் அல்லவா!" என்று வியக்கட்டும். அந்தச் சாலையின் சுவரிலே, காற்றாலை ஓவியத்துக்குப் பதிலாக, துணி நெய்த தறிக்காரன் கதையும், கப்பலேற்றப்பட்ட ஏழையின் கதையும் தமிழில் எழுதப்படட்டும்.

ஊர் பார்க்கப் போங்கள், தோழர்களே! கோட்டை பாருங்கள், கடல் பாருங்கள், பான்கேக்கும் தின்று பாருங்கள். தட்டைக் கொண்டுவந்து வைக்கிறதே ஒரு கை, அந்தக் கையையும் பாருங்கள். அந்தக் கைக்குரியவன் உட்கார்ந்திருக்கிறானா, நிற்கிறானா என்று கேளுங்கள்.

வரும் ஞாயிறு ஆயாவின் மனுவோடு கிளம்புகிறோம். கூவத்தூர்த் தம்பி நம்மோடு உட்கார்ந்து ஒரு பணியாரம் தின்னும் நாள் வரை இந்தப் பயணம் ஓயாது!