மீனுக்குத் தமிழில் பெயர் இல்லையா?

மொழி வாழும் இடம் மேடையா, உணவு மேசையா என்று ஒரு பட்டிமன்றம் நடத்தினால் மேடையே வெல்லும். தீர்ப்பு வழங்குபவரும் மேடையில்தானே வீற்றிருக்கின்றார்! ஆனால், மேடைத்தமிழ் ஆண்டுக்குச் சில நாள்களே ஒலிக்கும். உணவு மேசையோ நாள்தோறும் விரிக்கப்படுகின்றது. அங்கே எந்தச் சொல் ஒலிக்கின்றதோ அதுவே பிள்ளையின் நாவில் தங்குகின்றது. இந்த எளிய உண்மையைப் பேராக் மாநிலத் தமிழர் மறந்து வருகின்றனர் என்பதற்கு அவர்கள் விரும்பிச் செல்லும் கடலுணவகங்களே சான்று.

பிறந்தநாளா, பட்டமளிப்பா, தொலைவிலிருந்து உறவினர் வருகையா, எதுவாயினும் இன்று கடலுணவு விருந்து வேண்டும். ஈப்போ கடற்கரை நகரன்று. எனினும், அங்கிருந்து குடும்பம் குடும்பமாக லுமுட்டிற்கும் கோல செப்பத்தாங்கிற்கும் மகிழுந்துகள் விரைகின்றன. போர்ட் வெல்ட் என்னும் பழம்பெயர் கொண்ட இந்தக் கோல செப்பத்தாங்கிற்குத்தான் 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து நாட்டின் முதல் இருப்புப்பாதை போடப்பட்டது. மாத்தாங் கண்டற்காடுகளின் ஓரத்தில், ஆற்றை நோக்கிய மேசையில் தட்டுகள் வந்து நிறைகின்றன. சியாக்காப் வருகின்றது, சோத்தோங் வருகின்றது, ஊடாங், கெத்தாம், கெராங் எல்லாம் வருகின்றன. கொடுவாயும் கணவாயும் இறாலும் நண்டும் சிப்பியும் மட்டும் வருவதில்லை! பாட்டி பேரனுக்கு முள் நீக்கி ஊட்டும்போதுகூட, 'சியாக்காப் தின்னு' என்றே கொஞ்சுகின்றார்.

உழைத்து ஈட்டிய பொருளில் குடும்பத்தோடு ஒரு வேளை சுவையாக உண்பதை எவரும் குறை கூறார். குறை, அந்த மேசையில் தமிழ் பட்டினி கிடப்பதே.

'பெயரில் என்ன இருக்கின்றது? தேசிய மொழிச் சொல்லைத்தானே சொல்கின்றோம்' என்பர் சிலர். தேசிய மொழியைச் செம்மையாகக் கற்பது குடிமக்களின் கடமை. கடைக்காரரிடம் அவருக்கு விளங்கும் மொழியில் கேட்பதும் முறையே. ஆனால், மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் தந்தையும் தாயும் மக்களும் அல்லரோ? அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்குமா இரவல் சொல் வேண்டும்? மலாய்மொழியின் பெருந்தன்மையைப் பாருங்கள். தமிழின் 'கடை' அங்கே 'கெடாய்' ஆகி வாழ்கின்றது. 'கறி' 'காரி'யாக மணக்கின்றது. 'கப்பல்' 'காப்பல்' எனக் கடலில் மிதக்கின்றது. மீனவரைக் குறிக்கும் 'நெலாயான்' என்னும் சொல்லும் நெய்தல் நிலத்து 'நுளையன்' வழிவந்ததே. வாங்கிக்கொண்ட மொழி மீன் பிடிப்பவனின் பெயரைப் போற்றி வைத்திருக்க, கொடுத்த மொழிக்கு உரியவர் அவன் பிடித்த மீனின் பெயரையே தொலைத்துவிட்டு நிற்கின்றனர்.

'தமிழில் இம்மீன்களுக்கெல்லாம் பெயர் உண்டா?' என்று ஐயுறுவாரும் உளர். அகநானூற்றின் 60ஆம் பாடலைத் தமிழாசிரியர் அறிவர். வலையும் திமிலுமாகக் கடலில் உழைத்த தந்தைக்கு, உப்பு விற்றுப் பெற்ற நெல்லின் சோற்றில் அயிலை மீன் இட்ட புளிக்குழம்பை ஊற்றி, கொழுமீன் துண்டமும் சேர்த்து மகள் படைக்கின்றாள். அதே அயிலைதான் இன்றும் கேரளத்தில் 'அயில' என வழங்குகின்றது. தமிழகக் கடற்கரையில் கானாங்கெளுத்தி என்பர். பேராக் சந்தையில் கெம்போங் என்பர். தெங்கிரி என்பது வஞ்சிரம். சீலா என்றும் அதனைச் சொல்வர், ஈழத்தவரோ அறுக்குளா என்பர். பாரி என்பது திருக்கை; பாவால் என்பது வவ்வால்; செனாங்கின் என்பது காலா; கெராப்பு என்பது களவா. ஒரு மீனுக்கு இரண்டு மூன்று பெயர் இருந்தால் அது குழப்பம் அன்று, கடற்கரைதோறும் தமிழன் வாழ்ந்த வாழ்வின் அடையாளம்.

'பால்மரம் வெட்ட வந்த முன்னோர் உள்நாட்டு உழவரன்றோ? கடலுக்கும் அவர்க்கும் என்ன உறவு?' என்பது மற்றொரு வாதம். உறவு உண்டு, அதன் பெயர் கருவாடு. கடல் தொலைவு, குளிர்பெட்டி இல்லை, கூலியோ குறைவு. அந்நிலையில் தோட்டக்கடையில் தொங்கிய கருவாடே லயத்து அடுப்பில் மணத்தது. நெத்திலி, சுறா, திருக்கை, வாளை என்ற பெயர்களை எழுத்தறியாத தாயும் பிழையின்றிச் சொன்னாள். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் செம்பனைக்கு இடம் விட்டது. மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். அண்டை வீட்டார் முகம் சுளிப்பரோ என்ற அச்சத்தில் கருவாடு அடுப்பை விட்டு நீங்கியது. அதனோடு அதன் பெயர்களும் நீங்கின.

இங்கேதான் நோயின் வேர் இருக்கின்றது. தோட்டத்து வாழ்வை இழிவென்று கருதும் நாணம் அது. வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தால் ஏழ்மை. உணவகத்தில் 'பிலிஸ்' என்று பொரித்துத் தந்தால் நாகரிகம்! மீன் ஒன்றே, மாறியது பெயரும் விலையும்தான். கருவாடு தின்று பிள்ளைகளைப் படிக்கவைத்த தலைமுறையை எண்ணி அப்பிள்ளைகளே வெட்கப்படுவது எவ்வகைக் கல்வி?

புலால் மறுத்தலை வள்ளுவர் ஓர் அதிகாரமாகவே வகுத்திருக்க, மீனுக்கு இத்தனை பரிவு ஏன் என்றும் சிலர் வினவக்கூடும். மீன் உண்ணாதவர்க்கும் மீனின் பெயர் வேண்டும். பெயரறியாது நெய்தல் திணையை எவ்வாறு கற்பிப்பது? கருப்பொருள் பட்டியலில் 'சுறா' என்று மனனம் செய்யும் மாணவன், உணவகத்தில் 'ஈக்கான் யூ' என்று கேட்கும்போது இரண்டும் ஒன்றென்று அறிவதில்லை. 'கணவாய்' என்றால் மலையிடைவழி என்று தேர்வில் எழுதுகின்றான். தன் தட்டில் கிடப்பதும் கணவாயே என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. 'திருக்கை' என்றால் இறைவனின் திருக்கரம் என்று பொருள் கூறும் மாணவனை நொந்து பயனில்லை. ஒரு சொல் பலபொருள் கற்பிப்பதற்கு இவற்றினும் சுவையான எடுத்துக்காட்டு வேறு ஏது?

பேராக்கில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் தத்தம் பாட்டி தாத்தாவிடம் மீன்பெயர்களைக் கேட்டு எழுதிவரட்டும். சந்தைக்குச் சென்று மீனைக் கண்டு, தமிழ்ப்பெயரையும் மலாய்ப்பெயரையும் அருகருகே பதிவு செய்யட்டும். கருவாட்டைத் தொட்டுப் பெயர் சொல்லும் தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்கள் மறைந்தபின் அகராதியைப் புரட்டினால் சொல் கிடைக்கும். அதைச் சொல்லும் குரல் கிடைக்காது.

தோட்டங்கள் கைம்மாறிக் கொண்டிருந்த 1960ஆம் ஆண்டில், சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப்பணம் தோட்டங்களையே வாங்கியது. நிலத்தை அவ்வாறு மீட்ட சமுதாயத்திற்கு விருந்துக்கு ஒரு சொல்லாக மொழியை மீட்பது அரிய செயலாகுமா? அதற்குக் காசும் வேண்டா.

அடுத்த முறை ஆவி பறக்கும் தட்டு மேசைக்கு வரும்போது, 'இதற்குத் தமிழில் என்ன பெயர்?' என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். விடை கூற அங்கே ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அம்மேசையில் தமிழாசிரியர் ஒருவர் அமர்ந்திருந்தும் விடை வரவில்லையெனின், அந்த விருந்தில் தமிழுக்கு இலை போடவில்லை என்பதே பொருள்.