மூணு இஞ்ச் ஆணி

சேறு பார்க்கத்தான் சாது. வண்டியை விட்டுப் பாருங்கள், தெரியும்.

சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் என் மச்சினனுக்கு ஒரு மாந்தோப்பு. போகிற வழியில் ஓர் ஓடை. சித்திரையில் அதை ஓடை என்று சொன்னால் ஓடையே சிரிக்கும். ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் போதும், மச்சினனின் பழைய ஜீப்பை அச்சு வரை விழுங்கிவிட்டு 'அடுத்து யார்?' என்று பார்க்கும். டிராக்டர் கூப்பிடலாம், வரும். வாடகையைக்கூடக் கொடுத்துவிடலாம். கட்டி இழுக்கும்போது டிராக்டர்காரர் சொல்லும் புத்திமதியைத்தான் தாங்க முடியாது.

போன வருஷம் காயலான் கடையிலிருந்து ஒரு துருப்பிடித்த இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அத்தான், டர்ஃபர்! பழைய இரும்பு விலைக்கே கிடைச்சிருச்சு!"

நான் பி.காம். தேய்மானக் கணக்குப்படி அந்தப் பெட்டியின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே. சொன்னேன். கேட்டால்தானே!

டர்ஃபர் (சரியான உச்சரிப்பு டிர்ஃபார்) என்பது உண்மையில் ஒரு பிராண்ட் பெயர். ஜெராக்ஸ் மாதிரி எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. கையால் இழுக்கும் வின்ச். உருளையில் கம்பியைச் சுற்றுகிற ஜாதி இல்லை இது. கிணற்றில் தண்ணீர் சேந்தியிருக்கிறீர்களா? ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்க, மறு கை முன்னால் போய்ப் பிடித்து இழுக்கும் இல்லையா? அதேதான். பெட்டிக்குள் இரண்டு ஜோடித் தாடைகள். லிவரை முன்னும் பின்னும் ஆட்டினால் மாறி மாறிக் கம்பி ரோப்பைக் கவ்வும். பாரம் ஏற ஏறப் பிடியும் இறுகும். 800 கிலோ, 1,600 கிலோ, 3,200 கிலோ என்று சைஸ்கள் உண்டு. எங்களுடையது நடு அண்ணன், 1,600.

பேட்டரி வின்ச் இருக்கே என்பீர்கள். கோவாவில் 2014லிருந்து நடக்கும் காட்டு ஜீப் பந்தயங்களில் எல்லாம் அதுதான். ஆனால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய், பேட்டரியும் படுத்துவிட்டால் அதுவும் ஒரு பாரம்தான். தவிர, அது பெரும்பாலும் வண்டியின் முன்னால் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். டர்ஃபரைப் பின்னால் கட்டி, வந்த வழியே இழுக்கலாம். நமக்குப் பெரும்பாலும் அந்த வழிதானே வேண்டும்!

ராஜபாளையத்தில் ஒரு லேத் பட்டறை அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். கறுப்பாகச் சேறும் பழைய கிரீஸும் கழன்று வந்தன. ஸ்பிரிங் மாற்றினார். கொக்கிக்குப் புதிதாக நாக்கு வைத்தார், கட்டு நழுவாமல் இருக்க. மச்சினன் பெருமையாக ஒரு கிரீஸ் டப்பாவை நீட்டினான். கிராஃபைட் கலந்த உயர்ந்த ரகமாம்.

"தம்பி, இது ரோப்பைப் பிடிக்கிற மிஷின். வழுக்கி விடுறதுக்கா வாங்கினீங்க?"

கிராஃபைட், மாலிப்டினம் கலந்த சரக்கு இதற்கு ஆகாது. கெட்டியான சாதா கியர் ஆயில் போதும். அது இல்லாமல் காய்ந்து கிடந்தால்தான் தாடை சிக்கிக்கொள்ளும். பழைய ரோப்பில் பஞ்சை வைத்து உருவினார். நூறு இடத்தில் பஞ்சு மாட்டியது. அத்தனையும் அறுந்த இழைகள். புது ரோப்பும் கண்ட கடையில் வாங்கக் கூடாதாம். அந்த மிஷினுக்கென்று உள்ள தடிமனில், அதற்கென்று உள்ள ரோப். செலவில் பெரிய செலவு அதுதான்.

கடைசியாக லிவர் பக்கத்திலிருந்து எதையோ தட்டி எடுத்து மேஜையில் போட்டார். ஓர் இரும்பு ஆணியின் துண்டு.

"இந்த இடத்துல மெதுவான பின் ஒண்ணு இருக்கணும். பாரம் ஜாஸ்தியானா அது தானா ஒடையும். ஒடையத்தான் வச்சிருக்கான். எவனோ ஒடைஞ்ச எரிச்சல்ல ஆணியை அடிச்சிருக்கான். பாவி, முழு உடம்போட இருக்கானோ என்னவோ!"

வேட்டியைச் சற்றுத் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தழும்பு. சின்ன வயசில் மரம் இழுத்தபோது ரோப் அறுந்து வீசியதாம். அதற்கு மேல் சொல்லவில்லை. சரியான பின்களாக ஆறு கொடுத்தார்.

ஐப்பசி வந்தது. உர மூட்டையோடு ஜீப் ஓடையில் இறங்கி, மட்கார்டு வரை உட்கார்ந்துவிட்டது. கரையில் புளியமரம். பட்டை உரியாதபடி அகலமான பெல்ட்டைச் சுற்றி, டர்ஃபரை மாட்டி, மச்சினன் லிவரை ஆட்ட ஆரம்பித்தான். வேடிக்கை பார்க்க வரப்பில் நாலு பொடியன்கள் வேறு.

முதல் முப்பது ஆட்டு ஜோர். ரோப் நாண் மாதிரி விறைத்தது. ஜீப் அசையவில்லை. 'டக்'!

லிவர் லூஸாக ஆடியது. பின் உடைந்துவிட்டது. பாரம் மட்டும் அப்படியே நின்றது. தாடை விடவில்லை.

அடுத்த பின்னைப் போட்டோம். 'டக்'!

மச்சினன் டூல்ஸ் பெட்டியைக் குடைந்தான். "அத்தான், மூணு இஞ்ச் ஆணி இருக்கு. ஒரே இழுப்பு, வந்துரும்!"

இருட்டிக்கொண்டு வந்தது. மேலே மழை மேகம். எனக்கும் சபலம்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்போதுதான் வரப்பில் இருந்த பொடியன்களைப் பார்த்தேன். ரோப் அறுந்தால் நேரே வீசக்கூடிய இடத்தில் உட்கார்ந்து மாங்கொட்டை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலேய், அம்புட்டுப் பேரும் அங்கிட்டுப் போங்கலே!"

என் பி.காம். மூளை முதல்முறையாக உருப்படியாக வேலை செய்தது. சக்கரம் முங்குகிற சேறு என்றால் வண்டியின் எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். மட்கார்டு வரை என்றால் இரண்டு பங்கு. இது மீட்புக்காரர்களின் தோராயக் கணக்கு. மூட்டையோடு ஜீப் ஒன்றரை டன். ஆக மூன்று டன். மிஷினோ 1,600 கிலோ. பின் ஏன் உடையாது?

ரிவர்ஸ் லிவரை ஆட்டி ரோப்பைத் தளர்த்தினோம். மூட்டைகளை இறக்கினோம். மம்மட்டியால் சக்கரத்துக்குப் பின்னால் வெட்டிச் சரிவு போட்டு, கல்லும் மட்டையும் திணித்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிப்பவர்கள் முன்னால் இழுத்தால் மட்டும் போதாது, பின்னால் சக்கரத்துக்குத் தடி போட ஆள் வேண்டும். அதே சங்கதி. பிறகு ஜீப்பில் ஒரு கப்பியை மாட்டி, ரோப்பை அதில் போட்டுத் திருப்பி மரத்திலேயே கட்டினோம். இழுவை இரட்டிப்பு, வேகம் பாதி. ரோப்பின் மேல் நனைந்த சாக்கைப் போட்டோம்.

ஓர் ஆட்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர்தான் ரோப் நகரும். கப்பி போட்டால் ஜீப்புக்கு அதில் பாதி. மூன்று மீட்டருக்கு நூறு ஆட்டு. நான் எண்ணினேன், மச்சினன் ஆட்டினான். (உழைப்பில் பங்கு பிரிப்பதற்குத்தானே படித்தோம்!) அறுபதாவது ஆட்டில் சேறு 'ப்ளக்' என்று கை விட்டது. பின் உடையவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. மாமியார் ஜீப்பைப் பார்க்கவில்லை, என் வெள்ளைச் சட்டையைத்தான் பார்த்தார்.

அந்த மூணு இஞ்ச் ஆணி இப்போது தோப்பு வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஜீப் சாவியை அதில்தான் மாட்டுகிறான்.