சைக்கிள் கொடுத்தாச்சு, சாலை எங்கே?

சமீபத்தில் மூன்று நாள் சைக்கிள் பயணம் ஒன்று போய்வந்தேன். சேலம், நாமக்கல் பக்கத்துச் சரித்திரத்தை சைக்கிளில் பார்ப்பது திட்டம். மொத்தம் இருபது பேர். ஆளாளுக்கு ஹெல்மெட், கையுறை. சைக்கிளின் விலையைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். பின்னால் விளக்கைச் சிமிட்டியபடி ஒரு பாதுகாப்பு வேன் வேறு!

இரண்டாம் நாள் காலை ஆத்தூர் கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில் வசிஷ்ட நதிக்கரையில் கெட்டி முதலிகள் கட்டியது. ஹைதர், திப்பு என்று கை மாறி, 1792 உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலேயரிடம் போனது. பார்த்தோம், படம் எடுத்துக்கொண்டோம், கெங்கவல்லி வழியாகத் தம்மம்பட்டிக்குக் கிளம்பினோம். ஊர் நெருங்க நெருங்க ஒரு பக்கம் பச்சைமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை. ஆஹா என்றிருந்தது.

வழியில் யூனிஃபார்மில் ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள், கூடையில் புத்தகப் பை. சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸாம். பின்னால் வந்த லாரி அலறியது. அந்தப் பெண் சைக்கிளோடு தாரைவிட்டு இறங்கினாள். இறங்கினாள் என்றால் நிஜமாகவே இறங்கினாள். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் அரை அடிப் பள்ளம். லாரி போன பிறகு சைக்கிளைத் தூக்கி மேலே வைத்து மறுபடி மிதித்தாள்.

“தினமும் இப்படித்தானா பாப்பா?”

“பழகிப்போச்சுங்க சார்.”

அதே லாரி எங்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, ஒதுங்கிப் போனது. எங்களுக்கு வேன் இருக்கிறது. அவளுக்கு?

நான் பி.காம். படித்தவன். பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை ஓட்ட வழி செய்யாவிட்டால் அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது? 2001 வாக்கில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஆட்சிகள் மாறியும் தொடர்ந்த நல்ல திட்டம். சந்தேகமே இல்லை. அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களை சைக்கிளில் ஏற்றியது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பின்னால் நின்றார். சைக்கிள் பெண்களுக்கு என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் கொடுத்தோம். ஆனால் சாலை போடும்போது மட்டும் அவர்களை மறந்துவிடுகிறோம்.

இடமில்லை, காசில்லை என்பார்கள். இருவழிச் சாலைக்கு இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் ஓரத்தைத் தார் போட்டு அமைக்கும் வரையறை நம் நாட்டிலேயே இருக்கிறது. எல்லாச் சாலைக்கும் உடனே வேண்டாம் சார். மேல்நிலைப் பள்ளியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குப் போடுங்கள். அதுவும் முடியாதா? அந்த அரை அடிப் பள்ளத்தையாவது மண் கொட்டி நிரப்புங்கள்.

“இப்போ யாருங்க சைக்கிள் ஓட்டறா? எல்லாம் பைக்குக்கு மாறிட்டாங்க” என்றார் எங்கள் குழு நண்பர். அவர் உட்கார்ந்திருந்ததே சைக்கிள் மேல்தான்! தம்மம்பட்டியில் மரச்சிற்பப் பட்டறை பார்த்தோம். வாகை மரத்திலிருந்து பிள்ளையார் எழுந்து வருவதைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள். பட்டறை வாசலில் தொழிலாளர்களின் பழைய சைக்கிள்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன. நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அட, ஆமாம்ல!” என்றார்.

நெதர்லாந்தைச் சொன்னால், ‘அது வெளிநாடுப்பா’ என்பீர்கள். அங்கேயும் ஒரு காலத்தில் கார்கள்தான் சாலையை ஆண்டன. 1970-களில் குழந்தைகள் சாலையில் செத்து விழுவதைப் பொறுக்காமல் மக்கள் தெருவில் இறங்கினார்கள். இயக்கத்தின் பெயரே ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பதுதான். கேட்டார்கள், கிடைத்தது.

நாம் கேட்டதே இல்லை. அடுத்த தேர்தலில் வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வந்து இலவசங்களை அடுக்கும்போது, ஒன்றே ஒன்று கேளுங்கள். “போன தடவை சைக்கிள் கொடுத்தீங்களே, அதை எங்க பொண்ணு எந்த ரோட்டில் ஓட்டறதுங்க?”