‘ரெடி’ என்றால் ரெடியா?

எங்கள் விளாத்திகுளத்தில் ஒரு கடைக்காரர் ‘புரோட்டா ரெடி’ என்று பலகை வைத்தால், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் இலையில் புரோட்டா விழும். “கல்லு ரெடி, மாவு நீங்க கொண்டு வாங்க” என்று எந்த மாஸ்டரும் சொன்னதில்லை. மாதிரி ரயில் விற்பவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

என்ஜின் பெட்டியில் ‘டிசிசி ரெடி’ என்று அச்சடித்திருப்பார்கள். அதற்கு அர்த்தம், உள்ளே டீகோடர் செருக ஒரு சாக்கெட் இருக்கிறது என்பது மட்டுமே. டீகோடர் கிடையாது.

டீகோடர்தான் உயிர். பழைய டிசி முறையில் தண்டவாளத்தில் வோல்டேஜைக் கூட்டினால் அதில் நிற்கும் எல்லா என்ஜினும் சேர்ந்தே ஓடும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும்; அதோடு கட்டளையும் போகும். தபால்காரர் கதவு எண் பார்ப்பது போல, டீகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும். புது டீகோடரின் எண் பொதுவாக 3.

நானும் ஏமாந்தவன்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்க வரியும் கட்டி, பேரன் முன்னால் தண்டவாளத்தில் வைத்தேன். வண்டி நகரவில்லை. கொசு மாதிரி ஒரு ரீங்காரம். “தாத்தா, அது அழுவுது” என்றான். தொட்டால் சுட்டது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மோட்டார் கருகியிருக்கும். திருப்பி அனுப்பும் செலவில் பாதி என்ஜின் வாங்கலாம்.

விற்றவரிடம் கேட்டேன். “விருப்பமான டீகோடரை நீங்களே போட்டுக்கலாம் சார், விலையும் குறைவு” என்றார். நியாயம்தான். ஆனால் ‘டீகோடர் இல்லை’ என்பதையும் அதே பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு பொய், கண்ட்ரோலர் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி டீகோடர்தான் வேண்டும் என்பது. ஜெர்மனியின் லென்ஸ் உருவாக்கிய முறையை அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990களில் பொதுத் தரமாக்கியதே, கம்பெனி மாறினாலும் ஓட வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள். டீகோடர் உள்ளே இருக்கிறதா? இல்லையென்றால் சாக்கெட் 8 பின்னா, 21 பின்னா? மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும், டீகோடர் அதைத் தாங்குமா? மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய என்ஜின் வாங்கினால், மோட்டார் சேஸிஸைத் தொடாமல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டால் டீகோடர் போட்ட நொடியில் போய்விடும். ஜெர்மனியிலிருந்து உறவினர் மார்க்லின் ஹெச்ஓ என்ஜின் கொண்டு வந்தால் இன்னும் கவனம். அது மூன்று முனை முறை. நம் இரண்டு தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட்தான்.

நம்ம டபிள்யூடிஎம்-2 ஆசையில் அமெரிக்க ஆல்கோ மாதிரியை வாங்கி வர்ணம் அடிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: முதலில் ஓட்டிப் பாருங்கள், பிறகு பிரஷ்ஷைத் தொடுங்கள். வர்ணம் பட்ட என்ஜினை எவரும் திருப்பி எடுக்க மாட்டார்.

எங்கள் ஊர் வழியாக மதுரை – தூத்துக்குடி ரயில் வரப்போகிறது என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்றும் ரயிலேற கோவில்பட்டிக்குத்தான் பஸ் பிடிக்கிறோம். ‘வரப்போகுது’ என்ற சொல்லின் விலை எங்களுக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கும் பெட்டியிலாவது ‘ரெடி’ என்றால் ரெடியாக இருக்கட்டும்.