சிறுதொழில் செய்யும் விவசாயிக்கு எந்த மருத்துவக் காப்பீடு?

கறவை மாட்டுக்கு வங்கியில் கடன் வாங்கும்போது இன்ஷூரன்ஸும் கூடவே வந்துவிடுகிறது. காதில் வில்லை போட்டு, கால்நடை மருத்துவரின் சான்றும் பெற்ற பிறகே பணம் கைக்கு வருகிறது. நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசித் தேதி எது என்பதும் விவசாயிகளுக்குத் தெரிந்தே இருக்கிறது. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன ஏற்பாடு என்று கேட்டால் மட்டும், "வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே" என்று பலரும் சொல்கிறார்கள். அந்த 20 ரூபாய், பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கானது. விபத்தில் உயிரிழந்தாலோ உறுப்பை இழந்தாலோ 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடல்வால் அறுவைக்கு அதிலிருந்து ஒரு பைசாவும் வராது.

நிலத்தோடு சிறுதொழிலும் நடத்தும் விவசாயிகளுக்கு இது இன்னும் பெரிய சிக்கல். பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் பத்து ஏக்கர் தோப்பு வைத்துக்கொண்டு மட்டையிலிருந்து நார் பிரிக்கும் சிறு மில் நடத்துவோர் உண்டு. செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுவோரும் உண்டு. இவர்கள் தோப்பில் விவசாயி, மில்லில் முதலாளி. ஆகவே தமக்கு எது, வேலையாட்களுக்கு எது என்று இரண்டு கணக்குகள் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரே பாலிசியில் இரண்டையும் முடித்துவிட நினைப்பதும், பிரீமியம் குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து வாங்குவதும் பின்னால் தொல்லையில் கொண்டுபோய் விடுகின்றன.

முதலில் ஆட்களை எண்ண வேண்டும். மில்லில் 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம். நிலக்கடலை உடைப்பது, வெல்லம் காய்ச்சுவது போன்ற பருவகால ஆலைகளுக்கு விலக்கு உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் முதலாளிக்கு 390 ரூபாய், தொழிலாளிக்கு 90 ரூபாய். இந்த 480 ரூபாய்க்கு அவர் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைக்கிறது. அவர் நோயில் படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கிறது. இந்த விலைக்கு இவ்வளவு தரும் தனியார் பாலிசி எதுவும் இல்லை. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிறது என்பது நியாயமான குறைதான். ஆனால் அதற்காக ஒன்பது பேரின் பெயரை மட்டும் பதிவேட்டில் எழுதி மற்றவர்களை மறைப்பது, என்றாவது ஒருவர் கை இயந்திரத்தில் சிக்கும்போது முதலாளியின் தோப்பையே விற்க வைத்துவிடும். 10 பேருக்குக் குறைவாக உள்ள இடத்திலும், முதலாளியும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோரும் இசைந்தால் தாமாகவே இ.எஸ்.ஐ.யில் சேர 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இடம் தருகிறது.

ஏழு பேர் இருந்தாலே கம்பெனிகளிடம் குழு பாலிசி கேட்கலாம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்றவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே பணம் தருவதாகக் குழு பாலிசிகள் பலவற்றில் உண்டு. ஆனால் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தொடர்கிறது. தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி இல்லை.

இங்கேதான் பலர் தவறவிடும் இடம் வருகிறது. சொந்தமாக மில் நடத்துபவர் தொழிலாளி அல்லர், இ.எஸ்.ஐ.யில் அவருக்கு இடமில்லை. குழு பாலிசியில் அவர் பெயர் இருந்தாலும், மட்டை கிடைக்காமல் மில்லை மூடினால் பாலிசியும் அதோடு போய்விடும். பத்துப் பேருக்குப் பாதுகாப்புத் தேடித் தந்தவர் தாம் மட்டும் வெளியே நிற்பார். ஆகவே தொழிலோடு ஒட்டாத காப்பு ஒன்று அவர் குடும்பத்துக்குத் தனியாக வேண்டும்.

அதைக் காசு கொடுத்து வாங்குமுன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர இயலுமா என்று பார்ப்பது நன்று. இதன் வருமான வரம்பு 2022இல் ஆண்டுக்கு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பெறலாம். பிரீமியம் இல்லை. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். வருமானம் வரம்பைத் தாண்டியவர்கள்தான் கம்பெனி பாலிசிக்குப் போக வேண்டியவர்கள்.

கம்பெனி பாலிசியில் பிரீமியத்துக்கு முன் அறை வாடகையைப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 2,000 ரூபாய் அறைதான் என்று பாலிசியில் எழுதியிருக்க, ஆஸ்பத்திரியில் 4,000 ரூபாய் அறை எடுத்தால் குறைவது வாடகை மட்டுமன்று. டாக்டர் கட்டணமும் ஆபரேஷன் தியேட்டர் செலவும் சேர்ந்து 60,000 ரூபாய் என்றால் 30,000 ரூபாய்தான் வரும். மருந்து விலையில் இந்த வெட்டு இல்லை. அட்மிஷன் நேரத்தில் பதற்றத்தில் உறவினர் ஒருவர் "நல்ல அறையாகக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுவதால் நேர்வது இது.

அடுத்தது காத்திருப்புக் காலம். விபத்துக்கு முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. மற்ற நோய்களுக்கு 30 நாள். குடலிறக்கம், கண்புரை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 24 மாதம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதத்துக்கு மேல் காத்திருக்க வைக்கக் கூடாது என்பது 2024இல் வந்த விதி. சர்க்கரை இருப்பதை மறைத்து எழுதச் சொல்லும் ஏஜெண்ட் பேச்சைக் கேட்கவே கூடாது. கமிஷன் அவருக்கு, பணம் மறுக்கப்படும் கடிதம் விவசாயிக்கு. வயதான தாய் தந்தையரைக் குடும்ப பாலிசிக்குள் சேர்த்தால் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் ஏறும். அவர்களுக்குத் தனியாக எடுத்தால் எவ்வளவு என்றும் கேட்டு ஒப்பிட வேண்டும். கட்டணமின்றிச் சேர்க்கும் ஆஸ்பத்திரிப் பட்டியலில் கோயம்புத்தூர் மட்டும் இருந்து பக்கத்து டவுன் இல்லையென்றால் அந்தப் பாலிசி ராத்திரி நேரத்தில் உதவாது.

பாலிசி எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பதையும் விவசாயி கவனிக்க வேண்டும். ஆடியில் தொடங்கினால் ஒவ்வொரு ஆண்டும் விதைக்கும் உரத்துக்கும் பணம் தேடும் வேளையில் பிரீமியம் வந்து நிற்கும். தவணை தவறி, அதன்பின் கிடைக்கும் அவகாசமும் கழிந்தால், காத்திருந்த மாதங்களெல்லாம் வீணாகி மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். சம்பா அறுவடைப் பணம் வரும் தை, மாசியில் தொடங்குவது நல்லது.

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள், பிடிக்கவில்லை என்றால் எழுதிக் கொடுத்துத் திருப்பிவிடலாம். சிறு பிடித்தம் போக மீதிப் பணம் திரும்பக் கிடைக்கும். பாலிசி ஆங்கிலத்தில் இருந்தால், வீட்டில் படிக்கும் பிள்ளையை விட்டு அறை வாடகை, காத்திருப்புக் காலம் ஆகிய இரண்டு பகுதிகளையாவது அந்த 30 நாளுக்குள் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கவும்.