திரைவிழாவும் தேர்வும்

அனைத்துலகத் திரைப்பட விழாவின் நிகழ்ச்சி ஏடு கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது, விருது பெற்ற படங்களுக்குக் கீழே கோடிடுவதாகும். அடுத்து, பெயர்பெற்ற இயக்குநர்களைத் தேடுவர். தமிழராயின், தமிழ்ப்படம் உண்டா எனப் பார்ப்பர்; இல்லையெனில் ஏட்டை மூடிவிடுவர். இவை மூன்றும் தேர்வு ஆகா. தேர்வைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருத்தலே ஆகும்.

1987இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழா போன்றவை எதற்காக நடத்தப்படுகின்றன? வணிகத் திரையரங்குகள் கொண்டுவராத படங்களைக் கொண்டுவருவதற்காக அன்றோ? கான் விழாவில் பரிசு பெற்ற புகழ்மிக்க படம் சில மாதங்களில் ஊர்த் திரையரங்கிற்கே வருவதுண்டு. அதற்கு முண்டியடித்து நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டு, பெருந்திரையில் மீண்டும் காணக் கிடைக்காத படத்தைக் கைவிடுவது அறிவுடைமை ஆகுமா?

விருதே தரத்திற்குச் சான்று என வாதிடுவோர் உளர். அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ 1951இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கத்தை வென்றது. ஆயினும் அதைத் தயாரித்த நிறுவனமே அதை விழாவுக்கு அனுப்ப ஆர்வம் கொள்ளவில்லை. ஜப்பானில் வாழ்ந்த ஜூலியானா ஸ்ட்ராமிஜோலி என்னும் இத்தாலியப் பெண்மணி கண்டு வியந்து பரிந்துரைத்ததாலேயே அது வெனிஸை அடைந்தது. அவர் பார்த்தபோது அப்படத்திற்கு அவ்விருது ஏது? யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ கதை’ 1953இல் வெளிவந்தது. கான், வெனிஸ், பெர்லின் ஆகிய எவ்விழாவின் முதற்பரிசும் அதற்குக் கிட்டவில்லை. 2012இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் இதழ் நடத்திய வாக்கெடுப்பில் உலக இயக்குநர்கள் முதலிடத்தில் வைத்தது அப்படத்தையே.

இனி, மொழிப்பற்று. தமிழ்ப்படத்தைத் தமிழர் ஆதரிக்க வேண்டாமா எனக் கேட்பர். வேண்டும்; ஐயமில்லை. ஆனால் அதனோடு நின்றுவிடுவது பற்று அன்று. வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதைப் பெற்றபோது தமிழுலகம் மகிழ்ந்தது. அந்த விழாவினர் தத்தம் தாய்மொழிப் படங்களே போதும் என்றிருந்தால் அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்திருக்கும்? பிறர் நம் மொழிக்குச் செவிகொடுக்க வேண்டும் என விரும்புவோர், பிறர் மொழிக்குத் தாமும் செவிகொடுத்தல் கடன்.

பணமும் நேரமும் அளவானவை. அறியாத படத்தில் அவற்றை வீணாக்கலாமா என்பது இறுதி மறுப்பு. அளவானவை என்பதனாலேயே அவற்றை எளிதில் கிடைப்பவற்றில் செலவிடலாகாது. பின்னர்த் திரையரங்கிற்கு வரக்கூடியவற்றை முதலில் நீக்குக. எஞ்சியவற்றின் கதைச்சுருக்கங்களைப் பொறுமையுடன் படிக்க. இதுவரை ஒரு படமும் கண்டிராத நாட்டின் படம் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க. ஒரே நாளில் நான்கு படங்களை அடுக்காது, கண்டதை எண்ணிப் பார்க்க இடைவெளி விடுக.

தமிழாசிரியர் ஒருவர் மாணவர் நால்வரை அத்தகைய படத்திற்கு அழைத்துச் செல்வாராயின், மறுநாள் வகுப்பில் எழும் விவாதம் ஒரு பாடநூலுக்கு நிகராகும். படம் பிடிக்கவில்லை என்று மாணவன் கூறினும் குறையில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைத் தன் சொற்களில் தமிழில் சொல்ல முயலும்போது, அவன் பிறர் தீர்ப்பை ஒப்பிப்பதை விட்டுத் தானே தீர்ப்பளிக்கக் கற்கின்றான். விருதுப் பட்டியல் அதைக் கற்பிக்காது.